கானாவுக்குப் புறப்படும் குழு எந்த வழியில் தயாராகலாம்?

வரும் சனவரியில் பதினாறு பேர் கொண்ட எங்கள் குழு கானா நாட்டுக்குப் பன்னிரண்டு நாள் பயணமாகச் செல்லவிருக்கிறது. அக்ராவில் இறங்கி, கடற்கரை வழியே கேப் கோஸ்ட், எல்மினா ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு, உள்நாட்டில் குமாசிக்கும் அங்கிருந்து வடக்கே தமாலேக்கும் போய்த் திரும்புவது திட்டம். குழுவில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சிலர் கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள். பயணச்சீட்டு, விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றில் குழப்பம் எதுவும் இல்லை. அந்நாட்டு மக்களின் வாழ்முறையைப் போவதற்கு முன் எப்படிக் கற்றுக்கொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எங்களிடம் இருப்பது பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், சிறியதொரு தொகை. இவற்றை எதில் செலவிடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

கருத்துக் கேட்டபோது ஆறு யோசனைகள் வந்தன. புத்தகங்களைப் பிரித்துக்கொண்டு படிக்கலாம் என்றார் வரலாற்று ஆசிரியராக இருந்த ஒருவர். காணொளிகளும் கானா நாட்டுத் திரைப்படங்களும் போதும் என்றனர் இளையவர்கள். அங்கே பரவலாகப் பேசப்படும் ட்வி மொழியில் கொஞ்சம் பேசப் பழகலாம், அந்நாட்டுச் சமையலைச் செய்து பார்க்கலாம், இங்கே படிக்க வந்திருக்கும் கானாக்காரர் ஒருவரை அழைத்துப் பேசலாம் என்றும் சொன்னார்கள். எதுவும் வேண்டாம், அங்குள்ள வழிகாட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பது ஆறாவது யோசனை. ஒவ்வொன்றும் தருவது வேறு, கேட்கும் உழைப்பும் வேறு என்றாலும், இருக்கும் நேரம் இருபதே மணி என்பதால் அவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் ஓர் அளவுகோல் உண்டு. அது முந்தைய பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவோடு கானா சென்றபோது அந்த ஆறாவது யோசனையைத்தான் பின்பற்றினோம். குமாசிக்கு அருகே ஓர் ஊரில் அவ்வூர்த் தலைவரைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் நேரே அவரை நோக்கி நடந்தோம். ஒருவர் கைகுலுக்கக் கை நீட்டினார். மற்றொருவர் வலக்கையில் இருந்த கைப்பேசியால் படம் எடுத்துக்கொண்டே இடக்கையால் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தார். இன்னொருவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். குமாசிப் பகுதியில் வாழும் அசாந்தே மக்களின் மரபில் இவை மூன்றுமே பிழை. தலைவரிடம் விருந்தினர் நேரடியாகப் பேசுவதில்லை. பொன் தகடு போர்த்திய செதுக்குத் தலைகொண்ட கோலுடன் ஒக்கியாமே எனப்படும் பேச்சாளர் அருகில் இருப்பார். சொல் அவர் வழியாகவே போய், அவர் வழியாகவே திரும்பும். தலைவர் கை நீட்டினால் மட்டுமே நாம் நீட்டலாம். இடக்கை கொடுக்கவும் வாங்கவும் சுட்டிக்காட்டவும் ஆகாது. வந்தவர்கள் ஒரு புட்டி ஷ்னாப்ஸ் மதுவை முறைப்படி முன்வைப்பதும், அதில் சிறிதை நிலத்தில் ஊற்றி முன்னோரை அழைப்பதும் வழக்கம்; நாங்கள் கொண்டுபோனது ஒரு பெட்டி இனிப்பு. யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் வழிகாட்டிதான் தலைகுனிந்து நின்று, எங்கள் சார்பில் நெடுநேரம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அப்படி நிற்க வைத்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

தனியாகப் போகும் பயணியின் பிழையை ஊர் எளிதில் பொறுத்துக்கொள்ளும்; யாராவது ஒருவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார். பதினாறு பேர் ஒரே நேரத்தில் இறங்கும்போது அதற்கு இடமே இல்லை. முன்னால் நிற்பவர் செய்வதைப் பின்னால் நிற்பவர் செய்வார். ஒருவர் அறியாமை எல்லோருடைய நடத்தையும் ஆகிவிடும். ஆகவே, ஒரு வழி நமக்கு எவ்வளவு செய்தி தருகிறது என்று பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அந்நாட்டார் ஒருவர் முன் போய் நிற்கும் முதல் ஐந்து நிமிடத்தில் அது நம் கையையும் வாயையும் எப்படி நடத்தும், குழுவில் எத்தனை பேரை உண்மையில் சென்றடையும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் ஒவ்வொரு வழியிடமும் கேட்கிறேன்.

வழிகாட்டியை மட்டும் நம்புவது செலவும் உழைப்பும் மிகக் குறைந்த வழி. அதில் நியாயமும் உண்டு. போன்வீரே ஊரில் கென்டே துணியை ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, பிறகு ஒன்றோடொன்று தைத்து அகலமாக்குவதையும், என்டோன்சோவில் மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த கருஞ்சாயத்தில் சுரைக்குடுக்கை அச்சுகளைத் தோய்த்து அடின்க்ரா குறிகளைத் துணியில் பதிப்பதையும் தறியின் பக்கத்தில் நின்று கேட்பதற்கு ஈடாக எந்தப் புத்தகமும் இல்லை. இவற்றை முன்கூட்டிப் படித்துக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நடத்தை பற்றிய அறிவுரை பேருந்தில் ஒலிபெருக்கி வழியே வரும்போது பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டதைப் பழகிப் பார்க்கவும் நேரம் இராது. மேலும், பணம் கொடுத்து வந்த விருந்தினரிடம் 'நீங்கள் செய்வது தவறு' என்று சொல்ல வழிகாட்டிக்கு மனம் வருவதில்லை. அன்று எங்களைத் தடுக்காமல், எங்களுக்காக மன்னிப்புக் கேட்டவரும் அதே காரணத்தால்தான் தடுக்கவில்லை.

புத்தக வாசிப்புக்கு வருவோம். முதல் ஐந்து நிமிட அளவுகோலில் இது பின்தங்கும். தமிழில் கானாவைப் பற்றிக் கிடைப்பது மிகச் சொற்பம்; ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றால் குழுவில் பாதிப் பேர்தான் முடிப்பார்கள். குடியேற்ற ஆட்சிக் காலத்து அதிகாரிகள் எழுதிய பழைய நூல்கள் செறிவானவை என்றாலும், அவற்றைப் படித்தவர் நூறாண்டுக்கு முந்தைய அசாந்தேயை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய குமாசியில் இறங்குவார். இத்தனை குறை இருந்தும் வாசிப்பை விட்டுவிட முடியாததற்குக் காரணம் கடற்கரைக் கோட்டைகள்.

எல்மினாக் கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 1482இல் கட்டினார்கள். 1637இல் அது டச்சுக்காரர் கைக்கும், 1872இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. பொன் வாணிபத்துக்காக எழுந்த அந்தக் கட்டடமும், சிறிது தொலைவில் உள்ள கேப் கோஸ்ட் கோட்டையும், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்ட அடிமைகளை அடைத்துவைக்கும் கிடங்குகளாக மாறின. கேப் கோஸ்டில் ஆண்களை அடைத்திருந்த நிலவறைக்கு மேலே வழிபாட்டுக் கூடம் இருந்தது. இதையெல்லாம் கோட்டையின் வழிகாட்டி ஒரு மணி நேரத்தில் சொல்வார், நன்றாகவே சொல்வார். ஆனால் எதுவும் அறியாமல் உள்ளே போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில் அதிர்ச்சியை மட்டுமே வாங்கிக்கொள்ள முடியும். தன் தாத்தாவின் தாத்தா புறப்பட்ட கதவு இதுவாக இருக்கலாம் என்று எண்ணி அமெரிக்காவிலிருந்து வந்து அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் பக்கத்தில் நின்று சிரித்தபடி குழுப்படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாக் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழர்களாகிய நமக்கு அந்த வாணிபத்தோடு ஒரு தொடர்பும் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி முதன்மையானது. சோழமண்டலக் கரையில் நெய்து, ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன 'கினித் துணி' அதில் ஒரு வகை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் துணி கொள்முதல் செய்த காலமும், எல்மினாவில் டச்சுக் கொடி பறந்த காலமும் ஒன்றேதான். நம் நெசவாளிக்கு அந்தத் துணி எதற்கு மாற்றாகப் போனது என்பது தெரிந்திருக்க வழியில்லை. கோட்டைக்குள் நிற்கும் நாம் அதைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். இதை எந்த வழிகாட்டியும் நமக்குச் சொல்லப் போவதில்லை; படித்தால்தான் தெரியும்.

வாசிப்பு கற்றுத்தரும் இன்னொன்று, எதைக் கேட்கக் கூடாது என்பது. அடிமை வாணிபத்தில் அசாந்தே அரசும் கடற்கரை இடைத்தரகர்களும் பங்கு கொண்டார்கள் என்பது வரலாறு. அதைத் தெரிந்துகொண்ட ஆர்வத்தில், விருந்தோம்பும் வீட்டில் 'உங்கள் குடும்பத்தில் அடிமைகள் இருந்தார்களா' என்று கேட்டுவிடலாம். அசாந்தேயரையும் உள்ளடக்கிய அகான் மக்களிடையே ஒருவர் இன்னொருவரின் பூர்வீகத்தை வெளிப்படுத்தலாகாது என்ற பழைய நெறி உண்டு. போரில் பிடிபட்டும் விலைக்கு வாங்கப்பட்டும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அந்தக் குடும்பங்களிலேயே கலந்து உறவாகிவிட்ட ஒரு சமூகம், அந்த உறவைக் காப்பாற்ற ஏற்படுத்திக்கொண்ட நெறி அது. சாதியைத் தெரிந்துகொள்ள ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தையும் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பழகிய நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தியர் என்ற முறையிலும் படித்துக்கொண்டு போக வேண்டியவை உண்டு. 2016 சூனில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, லெகானில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் காந்தியின் சிலையைத் திறந்துவைத்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தொடக்க ஆண்டுகளில் கறுப்பின மக்களைப் பற்றிக் காந்தி எழுதியிருந்த இழிவான வரிகளை எடுத்துக்காட்டிப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்க்க, 2018 திசம்பரில் சிலை அகற்றப்பட்டது. படித்த கானாக்காரர் ஒருவர் இதைப் பற்றி நம்மிடம் பேசினால், முதன்முறையாகக் கேட்பவர் போல் விழிப்பதும், உடனே சினந்து எதிர்வாதம் செய்வதும் ஒரே அளவு பிழை. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போரில், கானா அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, அந்நாட்டுப் படைவீரர்கள் பர்மாவில் போரிட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் ஊர்வலம் போனபோது மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து விடுதலை இயக்கம் வேகமெடுத்து 1957 மார்ச் 6இல் நாடு விடுதலை பெற்றது. அக்ராவில் உள்ள படைத் தலைமையகத்துக்கு இன்றும் பர்மா முகாம் என்றே பெயர். பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தாக்களின் கதை எங்கள் குழுவில் இரண்டு வீடுகளில் இருக்கிறது. பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் தடித்த வரலாற்று நூலைப் படிக்க வேண்டும் என்பதில்லை. குழுவுக்கென்றால் நான் நாடகத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படிக்கலாம், படிக்காமல் தப்பிக்க முடியாது. கானா எழுத்தாளர் அமா அத்தா ஐடூ 1965இல் வெளியிட்ட முதல் நாடகத்தில், அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும் இளைஞன் அங்கே மணந்த கறுப்பின அமெரிக்கப் பெண்ணோடு வீட்டுக்கு வருகிறான். பிள்ளை எப்போது என்று குடும்பமே கேட்கிறது. இருவரும் அதைத் தள்ளிப்போட முடிவெடுத்ததை அவன் வாய்திறந்து சொல்வதில்லை. பாட்டி, தாய், தாய்மாமன் என்று எல்லோருக்கும் அவன் வாழ்க்கையில் சொல்லுரிமை இருக்கிறது. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இதில் எதுவும் புதிதாக இராது. அதே வேளையில், கோட்டையில் அழும் அமெரிக்கரும் கேப் கோஸ்ட் சந்தையில் மீன் விற்கும் பெண்ணும் ஒரே நிறத்தவர் என்பதால் ஒரே மக்கள் ஆகிவிடுவதில்லை என்பதையும் அது காட்டிவிடுகிறது.

காணொளிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பயணக் காணொளிகளில் பெரும்பாலானவை திசம்பர் மாத அக்ராவின் விருந்துக் கூடங்களையும், முகம் சுளித்தபடி ஏதோ ஒன்றைத் தின்று பார்க்கும் வெளிநாட்டவரையும் காட்டுகின்றன. குமாசியில் எடுக்கப்படும் ட்வி மொழிப் படங்களில் வீடுகளின் உள்ளமைப்பு, மாமியார் மருமகள் பேச்சு, தேவாலயம், சந்தை எல்லாம் இயல்பாக வரும் என்பதால் அவை எவ்வளவோ மேல். ஒரு மாலை போதும். அந்நாட்டு வெகுமக்கள் இசையான ஹைலைஃப் பாடல்களைப் பேருந்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சமையலுக்கும் ஒரு மாலைதான் ஒதுக்குவேன், ஆனால் அதை விடமாட்டேன். மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் வேகவைத்து உரலில் இடித்த ஃபுஃபு உருண்டையை வலக்கையால் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். களி உண்டு வளர்ந்தவருக்கு இது இரண்டாம் நாளே கைவந்துவிடும். மக்காச்சோள மாவையும் மரவள்ளி மாவையும் புளிக்கவைத்துக் கிண்டும் பாங்கு, அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்துச் சோள இலையால் செந்நிறம் ஏற்றிய வாச்சே, இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த பழுத்த வாழையான கெலெவெலே, வேர்க்கடலைச் சூப் ஆகியவற்றில் எதுவும் நம் நாவுக்கு அந்நியமில்லை. சைவ உணவு உண்போர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இறைச்சி இல்லை என்று சொல்லப்படும் சூப்பிலும் புகையில் வாட்டிய மீனோ மீன்தூளோ இருக்கும். அங்கே அது சுவைகூட்டி, நாம் பெருங்காயம் போடுவது போல. எங்கள் குழுவில் ஐவர் சைவர்கள். விருந்து வைத்தவர் முன்னால் தட்டைத் தள்ளிவைப்பதைவிட, பனை எண்ணெயில் வேகவைத்த பயற்றுக் குழம்பையும் பொரித்த வாழையையும் மீன் சேர்க்காமல் தரும்படி முதல் நாளே பணிவாகக் கேட்டுவைப்பது மேல். அங்கே உண்டுகொண்டிருப்பவர் வழியில் போகிறவரைப் பார்த்து 'நீங்களும் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்பார். நம் ஊரில் 'வாங்க, சாப்பிடலாம்' என்பதற்கு நிகரான முறை அது. நன்றி சொல்லி நகர்ந்தால் போதும்.

மொழிதான் என்னை வியக்க வைத்தது. கானாவில் ஆட்சிமொழி ஆங்கிலம். நாம் போகும் இடமெல்லாம் ஆங்கிலம் பேசுவோர் உண்டு. பிறகு எதற்கு ட்வி என்ற கேள்வி நியாயமானதே. உரையாடும் அளவுக்குக் கற்பது பத்து வாரத்தில் நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் அங்கே வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை. கடைக்குள் நுழைந்து 'இது என்ன விலை' என்று நேரே கேட்பவர் முரடராகத் தோன்றுவார். காலையில் மாச்சே, பகலில் மாஹா, மாலையில் மாஜோ. பிறகு எத்தெ சென் என்று நலம் கேட்டு, அவர் கேட்கும் நலத்துக்கு எயெ என்று மறுமொழி சொல்லி, அதன் பிறகே விலை. நன்றிக்கு மெதாசே. பலர் அமர்ந்திருக்கும் இடத்துக்குள் போனால் வலப்பக்கத்தில் இருப்பவரிடம் தொடங்கி இடப்பக்கமாக ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆறு சொற்களும் ஒரு திசையும் தெரிந்தால் முதல் ஐந்து நிமிடம் சரியாகிவிடும். பதினாறு பேரும் இதைப் பழகிக்கொள்ள முடியும். எழுபத்திரண்டு வயதுக்காரரும் பத்தொன்பது வயதுக்காரரும் ஒரே வேகத்தில் பழகுவார்கள். வேறெந்த வழியிலும் இது நடப்பதில்லை.

உறவுச்சொற்களில் நமக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. தாயின் உடன்பிறந்தவன் வோஃபா, தந்தையின் உடன்பிறந்தவள் செவா. தாயின் சகோதரியோ தாய் முறை, தந்தையின் சகோதரனோ தந்தை முறை. மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா என்று பிரித்தே பழகிய நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். ஆங்கிலம் வழியே கற்றால் எல்லோரையும் ஒரே சொல்லில் போட்டுக் குழம்புவோம். ஆனால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. அகான் மக்களிடையே பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். மரபுப்படி ஒருவரின் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவியும் மக்களும் கையறு நிலையில் நிற்பதைத் தடுக்க 1985இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வோஃபா என்பவர் சீர் செய்யும் தாய்மாமன் மட்டும் இல்லை, சொத்துக்கும் வழிவகை சொல்பவர். நம்மைப் போலத்தான் என்று நாம் முடிவுகட்டும் இடத்தில்தான் பெரிய பிழைகள் நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறந்த கிழமையால் அமையும் பெயர்களும் மொழி வகுப்பிலேயே வந்துவிடும். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, சனியில் பிறந்தவர் குவாமே. வியாழனில் பிறந்த பெண் யா, சனியில் பிறந்தவள் அமா. கோஃபி அன்னான், குவாமே என்க்ருமா, 1900இல் அசாந்தே மக்கள் புனிதமாகக் கருதும் பொன் இருக்கைக்காக ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட யா அசந்தேவா ஆகிய பெயர்களை இனி மறக்கவே முடியாது. குழுவில் ஒவ்வொருவரும் தம் பிறந்த கிழமையைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன். 'நான் அமா' என்று சொல்லும் வெளியூர்ப் பெண்மணிக்குச் சந்தையில் கிடைக்கும் வரவேற்பே வேறு.

கடைசியாக, கானாக்காரர் ஒருவரோடு நேரில் பேசுவது. எல்லா வழிகளிலும் இதற்கே நான் முதலிடம் தருகிறேன்; இதில் தவறு நேரும் வாய்ப்பும் கூடுதல் என்பதைத் தெரிந்துகொண்டே தருகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள்; இந்திய அரசின் பயிற்சித் திட்டங்களில் கானா அரசு அலுவலர்களும் வந்து போகிறார்கள். நேரில் ஒருவர் கிடைக்காவிட்டால் குமாசியில் இருக்கும் ஒருவரோடு இணையவழி பேசலாம். நமக்கு மாலை 7 மணி என்றால் அங்கே பகல் 1.30.

நேரில் பேசுவதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். அசாந்தே ஊர்களில் சனிக்கிழமை என்றால் இறுதிச் சடங்குகள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய பெருங்கூட்டம், இசை, ஆடல், தெருவெங்கும் இறந்தவரின் படம் போட்ட சுவரொட்டிகள். புத்தகம் இதை விவரிக்கும், காணொளி காட்டும். ஆனால், 'வழியில் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்வது' என்று கேட்க மனிதர் வேண்டும். சென்ற மாதம் முதல் சந்திப்பில் நாங்கள் இதைக் கேட்டபோது அந்த இளைஞர் சொன்னார்: அழைத்தால் போகலாம், பளிச்சென்ற உடை வேண்டாம், அமர்ந்திருப்பவர்களுக்கு வலமிருந்து வணக்கம் சொல்லிக்கொண்டு போங்கள், என்சாவா கொடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். என்சாவா என்பது இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் கொடுக்கும் பணம். பெயரும் தொகையும் ஏட்டில் எழுதப்பட்டு, எல்லோர் காதிலும் விழ அறிவிக்கப்படும். எங்கள் குழுவில் மதுரைக்காரர் ஒருவர் உடனே 'மொய்' என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இருபக்கமும் கூச்சம் விலகி, இரண்டு மணி நேரம் பேச்சு நீண்டது.

இதில் நேரக்கூடிய தவறுகளில் முதலாவது, ஒருவரை நாடாக எண்ணிக்கொள்வது. எங்களோடு பேசியவர் எவே இனத்தவர், வோல்ட்டாப் பகுதிக்காரர்; அங்கே குலம் தந்தை வழியில் போகும். அசாந்தே அரண்மனை முறைகளைப் பற்றிக் கேட்டபோது, அது எங்கள் ஊர் வழக்கமில்லை, குமாசிக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் தவறான பாடத்தைச் சுமந்துகொண்டு போயிருப்போம். ஆகவே இருவரோ மூவரோ வேண்டும், அதிலும் ஒருவர் வடக்கைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. இரண்டாவது தவறு இன்னும் கனமானது. நம் நகரங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் வீடு தேடும்போதும் பேருந்தில் அமரும்போதும் எதைச் சந்திக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததில்லை. அப்படிப்பட்ட ஊரில், அவரை அழைத்து நடுவில் உட்கார வைத்து, பதினாறு பேர் சுற்றியமர்ந்து கேள்வி கேட்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். அவர் நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுக்க வேண்டும். வீட்டில் உணவு பரிமாற வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, இங்கே வெளுத்த நிறத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனமும் எங்கள் தயாரிப்பில் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் நிறுத்த பிறகு, இருபது மணி நேரத்தை இப்படிப் பிரிக்குமாறு குழுவிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் முதல் அரைமணி ட்வி. பத்து வாரத்தில் ஐந்து மணி. மீதமுள்ள ஒன்றரை மணி நேரங்களில் நான்கு வாரம் கானாக்காரர்களோடு உரையாடல், நான்கு வாரம் வாசிப்பு. வாசிப்பில் இரண்டு வாரம் கோட்டைகளின் வரலாற்றுக்கு, ஒரு வாரம் விடுதலைக் காலத்துக்கு, ஒரு வாரம் நாடகத்துக்கு. ஒரு வாரம் சமையல், ஒரு வாரம் திரைப்படம். சிறு தொகை முழுவதும் நம்மோடு பேச வருபவர்களுக்கும் மொழி சொல்லித் தருபவருக்கும் போகட்டும். அக்ராவில் இறங்கிய மறுநாள் காலை எந்த இடத்துக்கும் கிளம்பாமல் வழிகாட்டியோடு அரைநாள் உட்கார்ந்து, அரண்மனையில் யார் முன்னால் நிற்பது, ஷ்னாப்ஸ் புட்டியை யார் ஒக்கியாமேயிடம் கொடுப்பது என்பதை அவர் கண்முன்னே பழகிப் பார்த்துவிட வேண்டும். தவறினால் தாட்சணியம் பாராமல் திருத்தும்படி அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். குமாசியின் மன்ஹியா அரண்மனையில் 42 நாளுக்கொரு முறை ஞாயிறன்று நடக்கும் அக்வாசிடே விழா நம் நாட்களோடு பொருந்துகிறதா என்று பார்த்து, ஓரிரு நாள் முன்பின் மாற்றவும் இடம் வைத்திருக்கிறோம்.

தமாலேக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அங்கே டக்பானி பேசுகிறார்கள், பெரும்பாலோர் முசுலிம்கள், கென்டேக்குப் பதில் தறியில் நெய்த துணிப் பட்டைகளை இணைத்துத் தைத்த அங்கியை உடுத்துகிறார்கள். தெற்கில் கற்றது பாதி அங்கே செல்லாது. தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை 'தசிபா' என்ற காலை வணக்கத்தையும், அதற்கு மறுமொழியான 'நா' என்பதையும் நீட்டிச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறோம்.